நாயை வண்டியில் ஏற்றுமுன்

கேள்வி: டாக்டர், எங்களுக்கு வீடு கீரமங்கலத்தில், தோப்பு மேற்பனைக்காடு பக்கம். ஒன்றரை வயதுச் சிப்பிப்பாறை ஒன்று வளர்க்கிறோம். காலையில் தோப்புக்குப் போகும்போது எக்ஸெல் வண்டியின் முன்பக்கம் ஏற்றிக்கொண்டு போகிறேன். அதுவும் ஆசையாக ஏறி உட்காருகிறது. சில நாள் சங்கிலியைக் கையில் பிடித்துக்கொண்டு வண்டியோடு ஓடவிடுகிறேன். ‘ஒருநாள் இல்லாட்டி ஒருநாள் விழுந்து சாகப்போகுது’ என்று வீட்டில் திட்டுகிறார்கள். எதை விடுவது, எதை வைத்துக்கொள்வது?

பதில்: ஓடவிடுவதை இன்றைக்கே விட்டுவிடுங்கள். வண்டியில் ஏற்றிப்போவதை வைத்துக்கொள்ளலாம், கொஞ்சம் சரிசெய்துகொண்டால். வீட்டில் திட்டுகிறவர்கள் சொல்வதிலும் பாதி நியாயம் இருக்கிறது.

கீரமங்கலத்தில் நாய் நடந்துபோவதைவிட வண்டியில் போவதுதான் அதிகம் கண்ணில் படுகிறது. விடிகாலையில் பூ கமிஷன் கடைகளுக்கு வரும் எக்ஸெல்களில் இரண்டு மூட்டைக்கு நடுவே ஒரு மூக்கு நீட்டிக்கொண்டிருக்கும். பலாப்பழ சீசனில் வடகாடு பக்கமிருந்து லோடு ஏற்றி வரும் குட்டியானையில், பழத்தின் மேலேயே ஒன்று நின்றுகொண்டு வரும். டிராக்டர் மட்கார்டில் ராஜபாளையம், பைக் டேங்கில் முன்னங்கால் ஊன்றிய பொமரேனியன், சைக்கிள் கேரியரில் கட்டிய தக்காளிப் பெட்டிக்குள் ஒரு குட்டி. சின்னப் பிள்ளைகளை ஸ்கூட்டரில் கட்டிப்போகும் பெல்ட்டால் நாயை முதுகோடு கட்டிக்கொண்டு மருந்தகத்துக்கு வந்தவரும் உண்டு. ஊர்க்காரர் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. நாய்க்குத் தோப்பில் காவல் வேலை, வேலைக்குப் போகிறது, அவ்வளவுதான்.

வெளிநாட்டிலும் இந்தக் கூத்து உண்டு. நியூயார்க் சுரங்க ரயிலில் நாயைப் பையிலோ பெட்டியிலோ வைத்துத்தான் கொண்டுவர வேண்டும் என்று விதி. நாய் எவ்வளவு பெரிதாக இருக்கலாம் என்று விதியில் இல்லை. அதனால் ஆளுயர நாயைக்கூடப் பெரிய கடைப்பையில் இறக்கி, நாலு ஓட்டை போட்டுக் கால்களை வெளியே விட்டு, தோளில் மாட்டிக்கொண்டு ஏறுகிறார்கள். ஜப்பானில் நாய்க்கென்றே தள்ளுவண்டி விற்கிறது. நம் ஆட்களின் யோசனை இதற்கெல்லாம் இளைத்ததில்லை. நம்மிடம் இருக்கிற கோளாறு வேறு: நாயை ஏற்றத் தெரிகிறது, கட்டத் தெரியவில்லை.

முதலில் ஓடவிடுகிற விஷயம். சிப்பிப்பாறை, கன்னி இன நாய்கள் வேகத்துக்குப் பேர்போனவை. அந்த வேகம் ஒரு முயலை விரட்டுகிற தூரத்துக்குத்தான். அதன் உடம்பு கொஞ்ச தூரம் பாய்ந்துவிட்டு நின்று மூச்சு வாங்குவதற்கு ஏற்றபடி அமைந்தது. வண்டியோடு கட்டிவிட்டால் எப்போது நிற்பது என்பது உங்கள் கையில் போய்விடுகிறது. களைத்தாலும் அது நிற்காது, நீங்கள் போகிறீர்கள் என்பதற்காகவே பின்னால் வரும். நாய்க்கு நம்மைப்போல உடம்பு முழுக்க வியர்க்காது. பாதத்தில் கொஞ்சம் வியர்க்கும், மற்றபடி நாக்கைத் தொங்கவிட்டு இரைத்துத்தான் சூட்டைத் தணித்துக்கொள்ள வேண்டும். ஓட்டத்தில் ஏறுகிற சூடு இரைப்பில் தணிகிற சூட்டைவிட அதிகமானால் உள்ளுக்குள் வேகத் தொடங்கிவிடும். இது போதாதென்று தார் ரோட்டில் உள்ளங்கால் தேய்ந்து தோல் உரிகிறது. சங்கிலியைக் கையில் சுற்றிக்கொண்டு ஓட்டுகிறவர் பிரேக் பிடிக்க ஒரு கைதான் வைத்திருக்கிறார். குறுக்கே ஒரு பூனை ஓடினால் நாய், வண்டி, ஆள் மூன்றும் ஒரே இடத்தில் கிடக்கும். எனக்கு இந்தப் பழக்கத்தில் ஒரு நன்மைகூடத் தெரியவில்லை. அவிழ்த்துவிட்ட நாய் தானாக வண்டியின் பின்னாலேயே ஓடி வருவதும் இதே கணக்குத்தான். வீட்டிலிருந்து கிளம்பும்போதே கட்டிப்போட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

இனி எக்ஸெல். இருசக்கர வண்டிகளில் நாயை வைக்க ஓரளவு இடமுள்ளது இதுதான். காலுக்கு முன்னால் தட்டையாக இடம் இருக்கிறது, வண்டியும் தாழ்வு. பைக் டேங்கில் ஏற்றுவதை நான் ஒப்புக்கொள்வதில்லை. வழுக்கும், வெயிலில் சுடும், அதன் தலை சரியாக உங்கள் முகத்துக்கு நேரே வரும். ஓட்டுகிறவரின் கட்டுப்பாட்டுக்கு இடைஞ்சலாக யாரையும் உட்காரவைப்பதோ, எதையும் வைப்பதோ கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 125-வது பிரிவு சொல்கிறது. ஹேண்டில் திரும்புவதற்கு நாய் தடையாக இருந்தால் அந்த நாய் அந்த வண்டிக்குப் பெரிது என்று அர்த்தம். சிப்பிப்பாறை ஒல்லி உடம்பு, எக்ஸெல்லில் அடங்கும். ராஜபாளையத்தையும் லேப்ரடாரையும் அதில் ஏற்ற முயலாதீர்கள்.

கால் வைக்கும் தளத்தைக் கவனியுங்கள். நாயின் நகம் தகரத்திலும் பிளாஸ்டிக்கிலும் பிடிக்காது. ஒவ்வொரு பிரேக்குக்கும் அது முன்னால் சறுக்குகிறது. சறுக்குகிற நாய் பயத்தில் குதிக்கிறது. நான் பார்த்த விபத்துகளில் பெரும்பாலானவை இப்படித்தான் நடந்தவை, நாய் ஆசைப்பட்டுக் குதித்தவை குறைவு. ஒரு சணல் சாக்கை நாலாக மடித்துப் போடுங்கள், அல்லது தேங்காய் நார் மிதியடியை அளவுக்கு வெட்டிப் போடுங்கள். போட்டதோடு விடாமல் நாலு மூலையிலும் கயிறு கோத்து வண்டியோடு இறுக்க வேண்டும். சாக்கு நகர்ந்தால் சாக்கு போட்டதும் போடாததும் ஒன்றுதான். வெயில் நாளில் சாக்கை நனைத்துப் போட்டால் அடிவயிற்றுக்குக் குளிர்ச்சி.

அடுத்து பெல்ட். கழுத்துப் பட்டையில் சங்கிலி மாட்டி வண்டியில் கட்டியிருக்கிறீர்கள் என்றால் அதை அவிழ்த்துவிடுங்கள். நாய் பக்கவாட்டில் குதித்தால் தூக்கில் தொங்கும், நீங்கள் நிறுத்துவதற்குள் இழுபடும். மார்பையும் முதுகையும் சேர்த்துப் பிடிக்கிற பெல்ட் வேண்டும், கடையில் பாடி பெல்ட் என்று கேட்டால் கொடுப்பார்கள். முதுகுப்பக்க வளையத்தில் கயிற்றை மாட்டி, சீட்டுக்குக் கீழே உள்ள சட்டத்தில் கட்டுங்கள். ஹேண்டிலில் ஒருபோதும் கட்டாதீர்கள். நாய் எந்தப் பக்கம் இழுக்கிறதோ அந்தப் பக்கம் வண்டி திரும்பும். கயிற்றின் நீளம் நாய் எழுந்து நிற்கலாம், உட்காரலாம், திரும்பலாம் என்ற அளவுக்கு. ஒரு கால் தளத்துக்கு வெளியே போகிறது என்றால் நீளம் அதிகம். முடிச்சுப் போடாமல் ஒரே அழுத்தில் கழல்கிற கொக்கி மாட்டுங்கள். வண்டி சாய்ந்துவிட்டால் முடிச்சு அவிழ்க்க நேரம் இருக்காது. ஏற்றுவதும் இறக்குவதும் இடது பக்கமாக. வலது பக்கம் சைலன்ஸர் இருக்கிறது. பின்னங்காலில் வட்டமாக முடி கருகி, தோல் வெந்து வருகிற நாய்களைப் பார்த்ததுமே எந்தப் பக்கம் இறங்கின என்று சொல்லிவிடலாம்.

நாய்க்கு ஹெல்மெட் மாட்டி பைக்கில் கூட்டிப்போன ஒருவரின் வீடியோ 2020-ல் பரவலாகச் சுற்றியது. பார்க்க நன்றாகத்தான் இருந்தது. என்னைக் கேட்டால் தலையைவிடக் கண்தான் முதலில் கெடுகிறது. காற்றில் தலையை நீட்டிக்கொண்டு வரும் நாயின் கண்ணில் மண்ணும் பூச்சியும் அடிக்கும். வேகத்தைக் குறைத்தால் அதற்கே பாதி வைத்தியம் ஆகிவிடும். எவ்வளவு வேகம் என்று கேட்காதீர்கள். பக்கத்தில் சைக்கிளில் வருகிறவரோடு பேசிக்கொண்டே போகிற வேகம்.

புதிதாகப் பழக்குகிறவர்கள் நேரே வண்டியைக் கிளப்பிவிடக் கூடாது. வண்டியை ஸ்டாண்டு போட்டு, இஞ்சின் ஓடாமல், தளத்தில் ஏற்றி ஏதாவது தின்னக் கொடுங்கள். பயமில்லாமல் ஏறத் தொடங்கிய பிறகு நின்ற இடத்திலேயே இஞ்சினை ஓடவிடுங்கள். அதற்குப் பிறகு வீட்டு வாசலுக்குள் ஒரு சுற்று. இதில் அவசரப்படுகிறவர்கள்தான் ‘எங்க நாய்க்கு வண்டின்னாலே ஆகாது’ என்கிறவர்கள். கிளம்புவதற்கு மூன்று மணி நேரத்துக்குள் வயிறு முட்டச் சாப்பாடு வைக்காதீர்கள், வாந்தி எடுக்கும். மனிதர்களுக்கான வாந்தி மாத்திரையை உடைத்துக் கொடுப்பதும் வேண்டாம்.

உங்கள் நாய் சிப்பிப்பாறை என்பதால் இன்னும் இரண்டு விஷயம். இந்த இனத்துக்குத் தலை கழுத்தைவிடக் குறுகல். சாதாரணப் பட்டையை எவ்வளவு இறுக்கினாலும் பின்னோக்கி ஒரு இழு இழுத்து உருவிக்கொள்ளும். தோல் பட்டை என்றால் அகலமானதாகப் பாருங்கள், இரண்டு விரல் நுழைகிற இறுக்கம் போதும். வெளியே போகும்போது பாடி பெல்ட்டும் சேர்ந்து இருக்கட்டும். இரண்டாவது, அதற்கு மூக்கைவிடக் கண்ணுக்குத்தான் வேலை அதிகம். தூரத்தில் அசைகிற எதையும் விரட்டும். நம் பக்கத்துத் தோப்புகளில் மயிலுக்கும் முயலுக்கும் பஞ்சமில்லை. இரண்டும் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பாதுகாப்பில் இருப்பவை, மயில் தேசியப் பறவை. ‘நாய்தான் பிடிச்சுது, நான் இல்லை’ என்று வனத்துறையிடம் சொல்லித் தப்பிக்க முடியாது. தோப்புக்கு வேலி முழுதாக இருந்தால் மட்டும் அவிழ்த்துவிடுங்கள்.

வழியில் உள்ள தெருநாய்கள் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால் வண்டியில் நாய் ஏற்றிப் போகிறவர்கள் விழுவதற்கு அவையும் பெரிய காரணம். சும்மா போகிற வண்டியைக் கண்டுகொள்ளாத தெருநாய், அதே வண்டியில் இன்னொரு நாய் தன் எல்லைக்குள் வந்தால் கூட்டம் சேர்த்துத் துரத்தும். உங்கள் நாயும் சும்மா இருக்காது, எழுந்து குரைக்கும். அந்த நேரத்தில் முறுக்கிக்கொண்டு தப்பிக்கப் பார்ப்பதுதான் எல்லாரும் செய்வது, அதில்தான் விழுவார்கள். வேகத்தைக் குறையுங்கள். முடியாவிட்டால் நிறுத்தி, காலை ஊன்றி நில்லுங்கள். ஓடாததைத் துரத்துவதில் அவற்றுக்குச் சுவாரசியம் இல்லை. கறிக்கடை, ஓட்டல் பின்பக்கம் என்று அவை கூடுகிற இடங்கள் ஊரில் எல்லாருக்கும் தெரியும், ஒரு தெரு சுற்றிப் போனால் குறைந்துவிட மாட்டோம். கடித்துவிட்டால், கீறல்தான் என்றாலும், ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித்தூள் எதுவும் வைக்கக் கூடாது. கடிபட்டது உங்கள் நாய் என்றால் ஏற்கெனவே ஊசி போட்டிருந்தாலும் எங்களிடம் கூட்டி வாருங்கள்.

வெயிலைப் பற்றிச் சொல்லாமல் இந்த ஊரில் நாயைப் பற்றி எழுத முடியாது. 2018 நவம்பர் 16-ஆம் தேதி அடித்த கஜா புயலுக்கு முன்பு தோப்புகளுக்குப் போகிற பாதைகளில் நிழல் இருந்தது. விழுந்த தென்னைக்குப் பதிலாக வைத்த கன்றுகள் பழைய நிழலைத் தர இன்னும் காலம் பிடிக்கும். பங்குனியிலிருந்து ஆனி வரை காலை ஏழு மணிக்கு முன்னால், மாலையில் ரோடு ஆறிய பிறகு என்று வைத்துக்கொள்ளுங்கள். ரோடு ஆறிவிட்டதா என்று பார்க்கப் புறங்கையைத் தாரில் வைத்து ஏழு எண்ணுங்கள். உங்களால் வைத்திருக்க முடியவில்லை என்றால் அதனாலும் முடியாது. ஆறு மணிக்கு வெயில் சாய்ந்துவிடும், ரோடு சாவகாசமாகத்தான் ஆறும்.

நாயின் சாதாரண உடல்சூடே 101-லிருந்து 102.5 டிகிரி ஃபாரன்ஹீட். நமக்குக் காய்ச்சல் என்று படுக்கிற சூட்டில்தான் அது ஓடியாடிக்கொண்டிருக்கிறது. 104-ஐத் தாண்டினால் கவலைப்பட வேண்டும். ஈறு செங்கல் நிறத்துக்குச் சிவப்பது, எச்சில் நூலாக ஒழுகுவது, நடை தள்ளாடுவது, கூப்பிட்டால் திரும்பாதது எல்லாம் வெயில் அடித்ததன் அறிகுறிகள். நிழலுக்குத் தூக்கிப் போய் சாதாரண மோட்டார்த் தண்ணீரை வயிறு, தொடை இடுக்கு, பாதம் என்று ஊற்றிக்கொண்டே விசிறுங்கள். ஈரத்துணியால் போர்த்தி மூடினால் சூடு உள்ளேயே நிற்கும். நன்றாக நனைத்த பிறகு, அதே ஈரத்தோடு மருந்தகத்துக்குக் கொண்டு வாருங்கள். தண்ணீர் ஊற்றாமல் முதலில் வண்டி தேடி அலைந்து நேரத்தை வீணாக்கினால் நாங்கள் செய்வதற்கு ஒன்றும் மிச்சமிருக்காது. மூக்கு சப்பையான பக் நாய் வைத்திருப்பவர்கள் நடுப்பகலில் அதை வெளியே எடுக்கவே வேண்டாம்.

குட்டியானையில் ஏற்றுகிறவர்களுக்கு: லோடின் மேல் நாய் நிற்கக் கூடாது. பலாப்பழம் உருளும். கீழே, கேபினை ஒட்டிய மூலையில் இடம் விட்டு, பாடி பெல்ட்டிலிருந்து இரண்டு பக்கமும் இரண்டு கயிறு கட்டுங்கள். ஒரே கயிறு என்றால் ஒரு பக்கமாகப் பக்கப்பலகையைத் தாண்டிக் குதிக்க முடியும். வேதனை உண்டாகும்படி விலங்கை ஏற்றிச் செல்வது 1960-ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம், மாட்டுக்கு மட்டும் உள்ள சட்டம் என்று நினைத்துவிடாதீர்கள். கார் என்றால் பின் சீட்டு. ஓட்டுகிறவர் மடியில் வேண்டவே வேண்டாம். கடைக்கு இறங்கும்போது நாயைக் காருக்குள் பூட்டிவிட்டுப் போகாதீர்கள். வெளியே 35 டிகிரி செல்சியஸ் என்றால் அரைமணி நேரத்தில் உள்ளே 50-ஐத் தாண்டும். கண்ணாடியை இரண்டு விரல் இறக்கிவிடுவதால் ஒரு பயனும் இல்லை.

இத்தனையும் சொன்ன பிறகு இன்னொன்று. தினமும் எக்ஸெல்லில் போய் வருவதால் நாய் வெளியே போய்விட்டு வந்ததாகக் கணக்கு வைக்காதீர்கள். அது உட்கார்ந்துதான் போகிறது. தோப்பில் இறக்கியதும் மோட்டார்க் கொட்டகைத் தூணில் கட்டிவிட்டு மாலையில் திரும்ப ஏற்றினால் அன்றைக்கு அது நடந்ததே இல்லை. இறங்கியதும் அரைமணி நேரம் தென்னை வரிசைகளுக்கு இடையே கயிற்றோடு நடத்துங்கள், ஒவ்வொரு மரத்தையும் மோந்து பார்க்க விடுங்கள். ‘இழுத்தா வரமாட்டேங்குது, மோந்துக்கிட்டே நிக்குது’ என்று சலித்துக்கொள்பவர்கள் அதிகம். மோந்து பார்ப்பதற்குத்தான் நாய் வெளியே வருகிறது. எப்போதும் கட்டியே வைத்திருக்கும் நாய்க்கு நடமாட்டம் தராமலிருப்பதும் அதே 1960-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 11-வது பிரிவில் வதைதான். இத்தாலியின் டூரின் நகரம் 2005-ல் நாயை ஒரு நாளைக்கு மூன்று முறை வெளியே கூட்டிப்போகாவிட்டால் 500 யூரோ வரை அபராதம் என்றது. நம் சட்டம் அதற்கு நாற்பத்தைந்து வருஷம் முன்னாலேயே இதைச் சொல்லியிருக்கிறது, படித்தவர்தான் இல்லை.

தோப்பிலிருந்து கிளம்புமுன் காது மடல், கால்விரல் இடுக்கு, வால் அடி மூன்றையும் விரலால் தடவி உண்ணி பாருங்கள். உண்ணிக் காய்ச்சல் வந்த நாய் தின்னாமல் படுத்துவிடும், ஈறு வெளுத்துப்போகும், வைத்தியம் நீளும். மழைக்காலத்தில் தேங்கிய தண்ணீரைக் குடிக்க விடாதீர்கள். எலி மூத்திரம் கலந்த தண்ணீரில் எலிக்காய்ச்சல் நாய்க்கும் வரும், அதிலிருந்து உங்களுக்கும் வரலாம்.

குட்டி வைத்திருப்பவர்கள் இதையெல்லாம் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். தடுப்பூசிகள் முடிகிற நான்கு மாதம் வரை குட்டியைக் கடைத்தெரு மண்ணில் இறக்கக் கூடாது. பார்வோ வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். கையில், பையில், கூடையில் தூக்கிக்கொண்டு ஊரைக் காட்டுங்கள். நாயைத் தூக்கிக்கொண்டு திரிவதை நான் ஒப்புக்கொள்கிற பருவம் இது ஒன்றுதான். பருவத்துக்கு வந்த பெட்டையையும் மூன்று வாரத்துக்கு வண்டியில் ஏற்றாதீர்கள், ஊர் நாய்கள் எல்லாம் பின்னால் வரும். குளமங்கலம் அய்யனார் கோயில் மாசி மகத்துக்கு ஆசைக்காகக் கூட்டிப்போகிறவர்கள் உண்டு. அந்தக் கூட்டத்திலும் ஒலிபெருக்கிச் சத்தத்திலும் வெடியிலும் மிரண்டு அறுத்துக்கொண்டு ஓடிய நாயைத் தேடுவது பெரும்பாடு. அய்யனார் கோயில்களில் மண்ணால் செய்த நாய்கள் இருக்கின்றன, அவை போதும்.

தூர ஊருக்குக் கொண்டுபோவது எப்படி என்று சிலர் தனியாகக் கேட்டிருக்கிறார்கள். பஸ்ஸில் கண்டக்டர் ஏற்றமாட்டார், அவரோடு மல்லுக்கட்டாதீர்கள். ரயிலில் முடியும். முதல் வகுப்பு ஏசியில் இரண்டு படுக்கை அல்லது நான்கு படுக்கை அறை முழுவதையும் உங்கள் பெயரில் எடுத்தால் நாயைக் கூடவே வைத்துக்கொள்ளலாம். இரண்டாம், மூன்றாம் வகுப்பு ஏசியிலும் ஸ்லீப்பரிலும் அனுமதி கிடையாது. இல்லையென்றால் கார்டு பெட்டியில் நாய்க்கென்று உள்ள கூண்டில் லக்கேஜ் கட்டணம் கட்டி ஏற்றலாம்; தண்ணீரும் சாப்பாடும் உங்கள் பொறுப்பு. கூண்டு சின்னது, சூடு அதிகம். ராஜபாளையத்தை அதில் ஏற்றுவதைவிட வாடகைக் கார் பேசுவது நல்லது. பேராவூரணி, அறந்தாங்கி, புதுக்கோட்டை எந்த நிலையமானாலும் அங்கே நாயைப் பதிவு செய்கிறார்களா என்று முன்னதாகப் போய் விசாரித்துக்கொள்ளுங்கள். வெறிநாய்த் தடுப்பூசி அட்டையும், பயணத்துக்குத் தகுதி என்று கால்நடை மருத்துவர் தரும் சான்றிதழும் கேட்பார்கள். ரயில் ஏறப்போகிற நாள் காலையில் வந்து நிற்காமல் முந்தின நாளே வாருங்கள். வரும்போது நாயையும் கூட்டி வாருங்கள், அதைப் பார்க்காமல் நான் கையெழுத்துப் போடமாட்டேன்.